முழங்கை

நாலு பக்கம் பேசவைத்திருந்தேன் அவர்களை.

மஹாச்சாயில் ஏழு வருஷம் இறால் உரித்துவிட்டு
மோல்மேன் திரும்புகிறவன்.
இங்கேயே இருந்தவள்.
'ஏன் கடிதம் போடவில்லை' என்கிறாள்.
'போட்டேனே' என்கிறான்.
'அவள் யார்' என்கிறாள்.
அதற்கு மேல் எழுதியதை
இப்போது சொல்ல வெட்கமாயிருக்கிறது.
ஆச்சரியக்குறி மட்டும் பதினொன்று.

மோல்மேனில் மழை பிடித்தால் விடாது.
ஆற்றங்கரைச் சாலையில்
கோ ஸோ மின் டீக்கடையில் ஒதுங்கினேன்.
அங்கே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் இரண்டு,
பையன் ஓடி வருவான்.
(பரமக்குடியிலிருந்து முதல்தடவை வந்த என் மைத்துனன்
இதைக் கேட்டுவிட்டு
சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டான்.
உட்காரவைக்கப் பட்ட பாடு.)

மூன்றாவது மேசையில் ஒரு பெண்.
மடக்கிய குடையைத் தன் பக்கமே சாய்த்துவைத்து
சேலை மாதிரி அதன் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
அவன் வந்தான். கையில் புதுக் கடிகாரம்.
மேசையில் எல்லாருக்கும் பொதுவான
வெறுந்தேநீர்க் குடுவை.
அவன் கிண்ணத்தில் ஊற்றினாள்.
தன்னுடையதைக் கவிழ்த்தபடியே விட்டாள்.

பையன் ஈச்சாக்வே கொண்டுவந்து வைத்தான்.
கீழே விரித்த காகிதத்தில்
எண்ணெய் மெல்ல மெல்ல வட்டமாகப் பரவியது.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
காகிதத்தின் ஓரம் வரைக்கும்.

அப்புறம் அவன் ஓர் உறையை எடுத்தான்.
வலக்கையால் நீட்டினான்.
இடக்கை தானாக வந்து
வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டது.

அவ்வளவுதான்.

இங்கே வாத்தியாருக்கு அப்படிக் கொடுப்பார்கள்.
பாங்கியில் பணம் வாங்குகிறவளுக்கு,
பேர் தெரியாத பெரியவருக்கு.
சந்தையில் மிச்சச் சில்லறைகூட
அப்படித்தான் கைக்கு வரும்.
கட்டியவளுக்கு ஒருத்தனும் அப்படிக் கொடுத்து
நான் பார்த்ததில்லை.
அவளுக்கென்றால்
உப்பு ஜாடியை நகர்த்துகிற மாதிரி,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ஒற்றைக் கையால்.

அவள் உறையைப் பார்க்கவில்லை.
முழங்கையைப் பார்த்தாள்.
கன்னத்தில் காய்ந்த தனக்காவில் ஒரு கீறல்,
முன்பே இருந்ததா, தெரியவில்லை.
பிறகு
தன் இடக்கையை மடியிலிருந்து எடுத்து
வலது முழங்கையில் வைத்து
வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நாலு பக்கத்தையும் அடித்தேன்.
ஏழு வரி மிஞ்சியது.
'இந்த நாட்டில் இது
அந்நியருக்குச் செய்யும் மரியாதை'
என்று எட்டாவதாக ஒன்று சேர்த்தேன்.
அடித்தேன்.
திரும்பச் சேர்த்து அடைப்புக்குறி போட்டேன்.
கரண்ட் போனது.
மெழுகுவத்தி தேடி எடுத்துவருவதற்குள்
அந்த வரி வேண்டாமென்று ஆகிவிட்டது.
காரணம் கேட்காதீர்கள்.

மதுரையில் ஒரு சிறுபத்திரிகை போட்டது,
இரண்டு எழுத்துப்பிழையோடு.

மூன்று மாதம் கழித்து
விளாத்திகுளத்திலிருந்து ஒரு கடிதம்.
சுடலைமாடன், ஓய்வுபெற்ற கம்பவுண்டர்.
'கதை நன்று. ஆனால் இருவருமே
முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்களே,
என்ன வலி அது?
கடைசிவரை தாங்கள் சொல்லவேயில்லை.
ஈரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வரும்.
நல்லெண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சித்
தடவச் சொல்லவும்.'

சிரித்தேன்.
அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.
விளக்கம் எழுத உட்கார்ந்து
மூன்று தாள் கிழித்தேன்.
நாலாவதில்,
'ஆமாம் ஐயா, வலிதான்.'

தபாலாபீஸில் அதை நீட்டியபோது
என் இடக்கை எங்கே இருந்தது என்று
கவனிக்கவில்லை.
வாங்கியவளுக்குத் தெரிந்திருக்கும்.